மறு: ரேபிட்ஸ், ராஃப்டிங் – தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

ஆத்துல தண்ணி கல்லுல மோதி சீறிக்கிட்டு ஓடுற எடம் ரேபிட்ஸ், அதுல காத்தடிச்ச படகுல போற வெளையாட்டு ராஃப்டிங், இதுகளுக்குத் தமிழ்க் கலைச்சொல் பட்டியல் போடுற இந்த மடல் இழை நீண்டுக்கிட்டே போகுது, ஆளாளுக்கு ஒரு சொல் போட்டாச்சு, நான் பென்னாகரம் பக்கத்து ஆளு, ஒகேனக்கல் தண்ணியப் பாத்து வளந்தவன், அந்த உரிமைல கொஞ்சம் நீட்டி முழக்கிக்கிறேன்.

> வெண்ணீர்ப் படகோட்டம்னே வெச்சுடலாமே

அண்ணா, எழுதிப் பாத்தா அழகாத்தான் இருக்கு, ஆனா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, கேக்குறவன் காதுல வெந்நீர்னுதான் விழும், சுடுதண்ணில எதுக்குய்யா படகுன்னு கேப்பான். அதை விடுங்க, தண்ணி எங்க வெள்ளையா இருக்கு? ஆடி மாசம் கர்நாடகத்துல மழை அடிச்சு கபினி அணையும் கே.ஆர்.எஸ். அணையும் நிரம்பி தொறந்துவிட்டாங்கன்னா பிலிகுண்டுலு தாண்டி வர்ற காவிரி செம்மண்ணக் கரைச்சு ஊத்துன மாதிரிதான் வரும். கல்லுல மோதி காத்து உள்ள மாட்டிக்கிட்டு குமிழி குமிழியா வர்ற எடம் மட்டும் வெளுப்பாத் தெரியும், அவ்வளவுதான். வெளுப்பு விளைவு, காரணம் வேற.

> நுரைநீர்?

ஓசூர்க்காரங்க கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. கெலவரப்பள்ளி அணைல தென்பெண்ணை ரசாயனக் கழிவோட பொங்கி நுரை மலையாட்டம் நிக்கிற படம் பேப்பர்ல அடிக்கடி வருதே, அதுதான் ஞாபகம் வரும். அந்தச் சொல்ல ஆலைக்காரங்க எடுத்துக்கிட்டாங்க, நமக்கு வேணாம்.

விரைவோட்டம்னு ஐயா சொன்னது பரவால்ல, ஆனா மேட்டூர் கால்வாய்ல கூடத்தான் தண்ணி வேகமாப் போகுது, அதை யாரு ரேபிட்ஸ்ன்னு சொல்றா? ரேபிட்ஸ் ஆகணும்னா ஆத்துப் படுகை சட்டுனு சரியணும், கரை ரெண்டு பக்கமும் நெருங்கணும், குறுக்க கல்லு கெடக்கணும். வேகம் மட்டும் இருந்து கல்லு இல்லேன்னா அது வெறும் இழுப்பு. நம்மூர்ல 'தண்ணி இழுப்பு ஜாஸ்தி, எறங்காத'ம்பாங்களே, அது.

அதனால என் சொல் கல்லோட்டம். ஒகேனக்கல்லே கன்னடத்துல புகையுற கல்லுன்னு பேரு வாங்குன ஊருதான். கல்லு ஓடுதுன்னு அர்த்தம் வராதான்னு யாராச்சும் கேப்பீங்கன்னு தெரியும். காட்டாறுன்னா காடா ஓடுது? கல்லுக்குள்ள பூந்து ஓடுற ஓட்டம், கல்லோட்டம். வெள்ளம் ஏறுனா கல்லே தெரியாதேன்னு இன்னொரு கேள்வியும் வரும். 2018ல லட்சம் கன அடிக்கு மேல வந்தப்ப அருவியே எங்க இருக்குன்னு தெரியல, உண்மைதான், ஆனா அடில கெடக்குற கல்லுதான் மேல அலையத் தூக்குது, கல்லு எங்கயும் போயிடல.

ராஃப்ட்டுக்குப் புணைன்னு, அதாவது பழைய தமிழ்ல மிதவைன்னு, சொன்னவங்களுக்கு ஒண்ணு. புறநானூத்துப் பாட்டக் காட்டுறீங்க, சரி, அதுல ஆறு 'கல்பொருது இரங்கும்'னு, கல்லுல மோதி ஒலிக்கும்னு, வருது பாருங்க, அது என் கட்சிக்குத்தான் சாட்சி. ஆனா அந்தப் புணை நீர்வழிப் படுற புணை, தண்ணி இழுத்த இழுப்புக்குப் போறது. ராஃப்டிங் அப்படியா? ஆறேழு பேரு உக்காந்து துடுப்பு போட்டு, பின்னாடி இருக்குற கைடு சத்தம் போட, தண்ணியோட சண்டை போட்டுக்கிட்டுப் போறது. தெப்பமும் வேணாம், அது சாமி குளத்துல ஆடி அசைஞ்சு சுத்துறதுக்கு. பரிசல்னும் சொல்ல முடியாது, பரிசல் வட்டம், முன்னு பின்னு கிடையாது, ஒத்த ஆளு ஒத்தத் துடுப்புல நிமிண்டி நிமிண்டித் திருப்புறது, அந்தத் தொழிலே தனி. காத்தடிச்ச ராஃப்ட்ட நம்ம சனம் ரப்பர் படகுங்குது, வெள்ளத்துல தீயணைப்புத் துறை வந்தா பேப்பர்ல அப்படித்தான் போடுறாங்க, அதுவே இருக்கட்டும். ராஃப்டிங்குக்கு கல்லோட்டப் படகு, சவாரின்னு சேத்துக்கணும்னா சேத்துக்கங்க.

இப்ப நான் நெஜமாவே சண்டைக்கு வர்ற எடம். பட்டியல்ல எடி, ஹோல் ரெண்டுக்கும் 'சுழல்'னு போட்டிருக்கீங்க. இது ஆபத்து. எடிங்கிறது கல்லுக்குப் பின்னாடி தண்ணி திரும்பி ஓட்டத்துக்கு எதிரா மெதுவா வர்ற எடம், பெரும்பாலும் படகை அங்கதான் கொண்டுபோய் நிறுத்தி மூச்சு வாங்குவாங்க, அடுத்து என்ன வருதுன்னு பாப்பாங்க. ஹோலு அப்படியே தலைகீழ். தண்ணி கல்லு மேல ஏறி விழுந்து, விழுந்த எடத்துல மேல்தண்ணி திரும்பக் கல்லப் பாத்தே வரும். சாதாரண சுழி ஆட்டுக்கல் மாதிரி படுக்கையா சுத்தும், இது கிணத்து ராட்டினம் மாதிரி நிமிந்து சுத்தும், ஆள உள்ள அழுத்தி மேல கொண்டாந்து திரும்ப உள்ள அழுத்தும். தடுப்பணைக்குக் கீழ பாக்கச் சாதுவா இருக்கும், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே அங்க மாட்டிக்கிறது இதனாலதான். ஒதுங்க வேண்டிய எடத்துக்கும் ஓட வேண்டிய எடத்துக்கும் ஒரே பேரு வெச்சா, கைடு 'சுழலுக்குப் போ'ன்னு சொன்னா துடுப்பு போடுற பையன் எங்க போவான்? எடிக்கு கல்லொதுக்கம், பேச்சுல ஒதுக்கு. மழைக்கு ஒதுங்குறோம்ல, அதே. ஹோலுக்கு சுருட்டு சரியா இருக்கும், ஆனா பீடி சுருட்டு ஞாபகம் வந்துடும், அதனால சுருட்டுமடு. சுழி, சுழல் ரெண்டையும் படுக்கையா சுத்துறதுக்கே விட்டுடுங்க, அறிவிப்புப் பலகைல சனம் பாத்துப் பழகுன சொல், அதுல கை வைக்காதீங்க.

ரேபிட்ஸ் எவ்வளவு கஷ்டம்னு சொல்ல கிரேடு ஒண்ணுலேந்து ஆறு வரைக்கும் உலகம் பூரா வெச்சிருக்காங்க, அதுக்கு படி போதும், மூணாம்படி கல்லோட்டம், நாலாம்படி கல்லோட்டம்னு. ஆறாம்படின்னா உசுருக்கு உத்தரவாதம் இல்லாத எடம், கைதேர்ந்தவங்களே பெரும்பாலும் படகைத் தூக்கிக்கிட்டு கரையோரமா நடந்துடுவாங்க. விளக்கத்துல ஒரு வரி கட்டாயம் சேருங்க, நீர்வரத்து மாறுனா படியும் மாறும்னு. ரிஷிகேஷ்ல கூட மழைக்காலத்துல கங்கை ஏறுனா ராஃப்டிங்க மூடிடுறாங்க, இங்க நீர்வரத்து கூடுனா கலெக்டர் பரிசலுக்குத் தடை போடுற மாதிரிதான்.

கைடு போடுற சத்தத்துக்கு கலைச்சொல்லே தேவையில்ல. முன்னாடி போடு, பின்னாடி போடு, நிறுத்து, குந்து. 'கீழமர்க'ன்னு பட்டியல்ல பாத்தேன், அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள படகு கவுந்துடும்ங்க.

த்ரோ பேக் மட்டும் பாக்கி. பைக்குள்ள கயித்த அடைச்சு வெச்சு, தண்ணில விழுந்தவன் பக்கம் வீசுறது. எறிகயிறுன்னு போட்டுடலாம். இதுக்கும் மாத்துச்சொல் வெச்சிருக்குறவங்க நாளைக்குள்ள மடல் போடுங்க, ஞாயித்துக்கெழம பட்டியல்ல ஏத்திடுறேன்.