குறுந்தொகை 25: அந்தக் குருகு அங்கே என்ன செய்கிறது?

தினைப்புனம்:
குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆவது பாட்டு, ஐந்தே வரி.

யாரும் இல்லை தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

நேர்ப்பொருள் புரிகிறது. அவன் என்னோடு சேர்ந்த அன்றைக்கு அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன், ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் (கொக்கு போன்ற நீர்ப்பறவை) நின்றது. இவ்வளவுதானே? 'அன்ன' என்று வருவதால் தினைத்தாளை உவமை என்று எழுதிவிடலாம். குருகுக்கு அப்படி ஒப்புமை காட்டும் எந்த உருபும் இல்லை. வகுப்பில் குருகு என்றால் தலைவன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், கூடப் படிப்பவர் அது வெறும் காட்சி என்கிறார். எதை எடுத்துக்கொள்வது? இயற்கை வருகிற எல்லாப் பாட்டிலும் ஒளித்துவைத்த பொருள் ஒன்றைத் தேடியே ஆக வேண்டுமா?

ஒழுகுநீர்:
முதலில் குருகை விடுங்கள், பேசுவது யார், யாரிடம், எப்போது என்று பாருங்கள். தலைவி தோழியிடம் பேசுகிறாள், அவன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிற நேரத்தில். பாட்டின் துறைக் குறிப்பே (யார் யாரிடம் எந்தச் சூழலில் பேசுவது என்று பாட்டோடு வரும் குறிப்பு) இதைச் சொல்லிவிடுகிறது, அதைத் தாண்டிப் போனால் பாதிப் பாட்டு போச்சு. இப்போது அவளுக்கு என்ன தேவை? சாட்சி. 'யாரும் இல்லை' என்று ஆரம்பிக்கிறாள், அவன் மறுத்தால் கதி என்ன என்று பயப்படுகிறாள், அப்புறம்தான் 'குருகும் உண்டு' வருகிறது. நினைவைத் துழாவித் துழாவி அவளுக்குக் கிடைத்த ஒரே சாட்சி ஒரு பறவை! அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது, பார்த்திருந்தாலும் வந்து சொல்லப் போவதில்லை. அவளுடைய கதியற்ற நிலை முழுக்க இதில் வந்துவிடுகிறது, 'குருகு என்றால் இன்னது' என்று சமன்பாடு போட வேண்டிய அவசியமே இல்லை.

தினைத்தாளையும் உவமை என்று பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் பறவையின் கால் மெலிசாக, பசுமையாக இருந்தது வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு அவள் எடுப்பதும் தன் நிலத்துப் பயிரைத்தான். வேறு யாராவது பேசியிருந்தால் அந்தக் கால் வேறு எதையோ போல இருந்திருக்கும்.

முன்பனி:
சாட்சி என்பது சரி, ஆனால் அதோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. சாட்சி மட்டும் போதும் என்றால் குருகு என்று சொல்லி முடித்திருக்கலாமே, அது எதைக் குறிவைத்து நின்றது என்று ஒரு வரியைச் செலவழிப்பானேன், அதுவும் ஐந்து வரிப் பாட்டில்? அசையாமல் நின்று இரை வரும்வரை காத்திருக்கும் பறவை அது, முதல் வரியிலேயே அவனைக் கள்வன் என்றும் சொல்லியாயிற்று. அவளே நேராகச் சொல்லத் தயங்குவதைக் குருகின் மேல் ஏற்றிச் சொல்கிறாள். உள்ளுறை, அதாவது இயற்கைக் காட்சிக்குள் மறைத்துச் சொல்லும் உவமை, இப்படித்தான் வேலை செய்யும்.

இன்னும் தெளிவான உதாரணம் வேண்டுமானால் அதே தொகையில் எட்டாவது பாட்டை, ஆலங்குடி வங்கனார் பாடியதை, எடுத்துப் பாருங்கள். வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்துத் தானே விழுகிற பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் என்கிறாள் பரத்தை. மீன் மரமேறிப் பறிக்கவில்லை, பழம் தானாக விழுந்தது. அவனை நான் இழுக்கவில்லை, அவனாக வந்தான் என்பது அதற்குள் இருக்கிறது. அதே பாட்டில் அவன் மனைவிக்கு அடங்கி நடப்பதை, நாம் கையைக் காலைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல என்று உருபு வைத்தே கேலி செய்கிறாள். வெளிப்படை, உள்ளுறை இரண்டும் ஒரே இடத்தில்.

ஒழுகுநீர்:
எட்டாவது பாட்டில் பழம், மீன் எல்லாம் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். இங்கே குருகு தலைவன் என்றால் ஆரல் தலைவியாக வேண்டும். ஆனால் குருகு இன்னும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது, பிடிக்கவில்லை. சாட்சி முன்னால், வேட்டை அதன் நிழலாக என்று வைத்தால் எனக்குச் சம்மதம்.

கூதிர்:
தேர்வுக்கு என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. தினைத்தாள் வடிவிலும் நிறத்திலும் ஒத்துவருவதால் மெய்யும் உருவும். உள்ளுறைக்குத் தெய்வம் தவிர்த்த மற்றக் கருப்பொருள்கள் (ஒரு நிலத்துக்கு உரிய விலங்கு, பறவை, மரம் போன்றவை) இடம் தரும் என்கிறது, ஆகவே குருகு வருவதில் தடையில்லை. பாட்டு மலைநிலத்துக்கான குறிஞ்சித் திணை, நீர்ப்பறவை எப்படி வந்தது என்று யாராவது மடக்கினால் அதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது: பூவும் பறவையும் வேறு நிலத்தில் வந்தால் வந்த நிலத்துக்கே உரியதாகக் கொள்ளலாம்.

தினைப்புனம்:
நன்றி. அப்போது எல்லாப் பாட்டுக்கும் இப்படியா?

முன்பனி:
இல்லை. மலையும் மழையும் இடத்தைக் காட்ட மட்டும் வருகிற பாட்டு நிறைய உண்டு. ஒரு விவரம் பேசுபவருடைய நிலைமையோடு ஒட்டுகிறதா, அதை எடுத்துவிட்டால் பாட்டு குறைகிறதா என்று பாருங்கள். இந்தப் பாட்டில் கடைசி மூன்று வரியை மறைத்துவிட்டுப் படித்தால் மிஞ்சுவது ஒரு புகார் மட்டும்தான். விடைத்தாளில் சாட்சியை முதலில் எழுதுங்கள், குருகைத் தலைவனோடு ஒப்பிடுவதாக இருந்தால் 'ஆரல் பார்க்கும்' என்ற சொற்களைக் காட்டி எழுதுங்கள், வெறுமனே குறியீடு என்று எழுதிவிட்டு வராதீர்கள்.