ஆஸ்கரின் விலாவில் காலைதோறும் புதுக் காயம்: கூட இருக்கும் மீன்களில் யார் காரணம்?

கரைமணல்

வணக்கம். என் ஆஸ்கர்களில் சிறியதை நினைத்து இரண்டு வாரமாக எனக்கு நிம்மதி இல்லை. பொறுமையாகப் படித்து வழி சொல்லுங்கள்.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே ஆஸ்கர் இரண்டு (ஒன்று 24 செ.மீ., மற்றது 20 செ.மீ.), ஜாக் டெம்ப்சி ஒன்று (15 செ.மீ.), சில்வர் டாலர் நான்கு, கண்ணாடியில் ஒட்டிப் பாசி சுரண்டும் கெளுத்தியான பிளெக்கோ ஒன்று. பிளெக்கோ விரல் நீளத்தில் வந்தது. இப்போது ஓர் அடியை நெருங்குகிறது.

காலையில் விளக்கைப் போடும்போது சிறிய ஆஸ்கரின் விலாவில் ஒரு புதுத் திட்டு தெரிகிறது. நீள்வட்டமாக, கட்டைவிரல் நகத்தின் அளவில், சளி உரிந்து வெளுத்துப்போன மாதிரி. வால் துடுப்பின் ஓரமும் கிழிந்திருக்கிறது. பகலில் டெம்ப்சி அதை விரட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் டெம்ப்சியை எடுத்துவிட்டுச் செவரம், கிரீன் டெரர் என்ற மீன்களில் ஒன்றை விடலாம் என்று நினைக்கிறேன். மீன்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒன்றையே குறிவைத்து விரட்டுவது குறையும் என்றும் ஒருவர் சொன்னார். இது குழித்தலை நோயாக இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. எந்த மீனை எடுப்பது, எதை விடுவது?

ஆற்றுமீன்

டெம்ப்சியை உடனே பிரித்துவிடுங்கள் நண்பரே. 1919 முதல் 1926 வரை உலகக் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்தவரின் பெயரை இந்த மீனுக்குச் சும்மா வைக்கவில்லை. அதன் இடத்தில் கிரீன் டெரரை மட்டும் விடாதீர்கள். அதில் வளர்ந்த ஆண், டெம்ப்சியைவிட முரடு.

தாமரைத்தண்டு

பிரிப்பதற்கு முன் சில விவரங்கள் தேவை கரைமணல். தண்ணீரைச் சோதித்தீர்களா? மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றும் எவ்வளவு? எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறீர்கள்? ஆஸ்கர்கள் இரண்டும் சேர்ந்து முட்டையிடுவதற்காக ஏதாவது கல்லை வாயால் சுத்தம் செய்கின்றனவா? பிளெக்கோவுக்கு என்ன கொடுக்கிறீர்கள், எப்போது கொடுக்கிறீர்கள்? விலாவில் செதில் பெயர்ந்திருக்கிறதா, மேல்சளி மட்டும் போயிருக்கிறதா?

கரைமணல்

அக்கா, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் லிட்டருக்கு 80 மில்லிகிராம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். கல்லைச் சுத்தம் செய்வது போல எதுவும் பார்க்கவில்லை. பிளெக்கோவுக்குத் தனியாக எதுவும் கொடுப்பதில்லை. பாசியையும் மிச்சத்தையும் தின்றுகொள்ளும் என்று சொல்லித்தான் தந்தார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். செதில்கள் அப்படியே இருக்கின்றன, மேலே மட்டும் தேய்த்து எடுத்தது போல் இருக்கிறது.

தாமரைத்தண்டு

அப்படியானால் விலாக் காயத்துக்கு டெம்ப்சியைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் சந்தேகம் பிளெக்கோவின் மேல்.

ஆஸ்கர், டெம்ப்சி எல்லாம் சிக்லிட் குடும்பம். சிக்லிட்கள் பகல் மீன்கள். விளக்கு அணைந்ததும் டெம்ப்சியும் ஒரு மூலையில் அடங்கிவிடும். அது கடித்தால் துடுப்பு கிழியும், செதில் பெயரும், வாயோடு வாய் கவ்விச் சண்டையிட்ட தடம் உதட்டில் இருக்கும். உங்கள் மீனின் வால் கிழிசல் அதன் வேலையாக இருக்கலாம். ஆனால் செதில் போகாமல் சளி மட்டும் நீள்வட்டமாக வழிக்கப்பட்டிருப்பது உறிஞ்சு வாயின் தடம். பிளெக்கோவின் வாயில் கல்லைச் சுரண்டுவதற்கென்றே வரிசை வரிசையாக நுண்பற்கள் இருக்கின்றன. ஆஸ்கர் இரவில் தரையில் படுத்து, சில சமயம் சற்றே சாய்ந்து தூங்கும் மீன். அகலமான தட்டை உடம்பு, அசையாத தூக்கம், மேலே சத்தான சளி. பசித்த பிளெக்கோவுக்கு அது போதும். தட்டை உடம்புள்ள டிஸ்கஸ் மீன்களிலும் இதே புகார் அடிக்கடி வரும்.

பசி என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஆஸ்கர் இருக்கும் தொட்டியில் மிச்சம் என்று ஒன்று இருப்பதே இல்லை. தரையில் விழும் துகளையும் அதுவே பொறுக்கிவிடும். ஓரடி பிளெக்கோவுக்குக் கண்ணாடியில் படியும் பாசி ஒரு வாய்க்குக்கூடக் காணாது. 'தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்' என்ற ஒரு சொல்லால் எத்தனை பிளெக்கோக்கள் பட்டினி கிடக்கின்றன என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறாது.

குழித்தலை நோய் பயம் வேண்டாம். அது தலையில் கண்ணைச் சுற்றி ஊசிமுனைக் குழிகளாகத் தொடங்கி, வாரக்கணக்கில் அகன்று, விலாவில் நீளமாக ஓடும் பக்கக்கோட்டு வழியே பரவும். ஒரே இரவில் விலாவில் வராது. ஆனால் நைட்ரேட் 80 என்பது அந்த நோய்க்கும் வேறு பல நோய்களுக்கும் கதவைத் திறந்து வைப்பது. அதை உடனே கவனியுங்கள்.

இன்றிரவு ஒரு சோதனை செய்யுங்கள். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். மங்கலான சிவப்பு ஒளி மீன்களை அவ்வளவாகக் கலைக்காது. விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, விடியலுக்குச் சற்று முன்பு ஒருமுறை பாருங்கள். பார்க்காமல் எந்த மீனையும் எடுக்க வேண்டாம்.

ஆற்றுமீன்

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவசரப்பட்டு டெம்ப்சியின் மேல் பழி போட்டுவிட்டேன்.

பாசிப்படி

இடையில் ஒரு கேள்வி. பிளெக்கோதான் காரணம் என்றால் அதற்குப் பதிலாக பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ விடலாமே? 12, 13 சென்டிமீட்டரோடு நின்றுவிடுமே. சண்டையைத் திசைதிருப்ப ஒரு ஜோடி கான்விக்ட் சிக்லிட் விட்டால் என்ன?

தாமரைத்தண்டு

இரண்டுமே ஆஸ்கர் தொட்டிக்கு ஆபத்து.

ஆஸ்கர் வாயில் நுழைவது எதுவாக இருந்தாலும் விழுங்கப் பார்க்கும். பிளெக்கோ வகைகளும் முள்கெளுத்திகளும் பயந்தால் முதுகு முள்ளையும் பக்க முட்களையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். பாதி உள்ளே போனபின் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. இரண்டு மீனும் சாகும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 20 செ.மீ. தாண்டிய ஆஸ்கர் இருக்கும் தொட்டியில் கைப்பிடிக்குள் அடங்கும் கெளுத்தி எதுவும் வேண்டாம்.

கான்விக்ட் சிறிய உடம்பு, பெரிய நெஞ்சு. தனியாக இருக்கும்வரை சரி. ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் 10 செ.மீ. மீன்கள் இரண்டும் சேர்ந்து 30 செ.மீ. மீன்களை ஒரு மூலையில் குவித்துவிடும். இந்த 4 அடித் தொட்டியில் விலகி ஓட எங்கே இடம்?

கரைமணல்

மூன்று நாளாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் இரவு விடியலுக்குச் சற்று முன் போனேன். சிறிய ஆஸ்கர் வடிகட்டிக் குழாயின் அடியில் சாய்ந்து கிடந்தது. பிளெக்கோ அதன் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்கர் உதறி நகர்ந்தது; பத்து நிமிடத்தில் பிளெக்கோ மறுபடி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் டெம்ப்சியை முறைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பிளெக்கோவைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றுக்கு மாற்றி, காற்றுக் குழாயும் பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டும் போட்டிருக்கிறேன். காயத்துக்கு என்ன செய்வது? பிளெக்கோவைக் குளம் எதிலாவது விட்டுவிடலாமா?

தாமரைத்தண்டு

குளத்தில் விடவே கூடாது. கரைமணல், இதில் எனக்குப் பாதி மனம்கூடக் கிடையாது. பிளெக்கோ பல நாடுகளின் ஆறுகளிலும் ஏரிகளிலும் இப்படி விடப்பட்டுத்தான் பெருகியது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், வலையைக் கிழிக்கும், உள்ளூர் மீன்களுக்கு இரையும் இடமும் இல்லாமல் செய்யும். பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள், அல்லது மீன் கடையில் திருப்பிக் கேளுங்கள்.

காயத்துக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர். ஒரே நாளில் நைட்ரேட்டை இறக்கிவிட வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றி, 20 முதல் 40க்குள் கொண்டுவாருங்கள். பிறகு வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்காவது மாற்றுங்கள். குளோரின் நீக்கிய, தொட்டியின் வெப்பத்துக்கு இணையான தண்ணீர். வெப்பம் 26 டிகிரியில் நிற்கட்டும். அயோடின் கலக்காத உப்பை லிட்டருக்கு 1 கிராம் அளவில் தனியே கரைத்து, இரண்டு நாளில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சை படிந்தால் மட்டும் மருந்து பற்றி யோசிப்போம்.

ஆற்றுமீன்

எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது என்று இப்போதுதான் புரிகிறது. நான் பிளெக்கோவை மாற்றவில்லை. விளக்கணைத்தபின் வெள்ளரித் துண்டும் மூழ்கும் வில்லை உணவும் போடத் தொடங்கினேன், காயங்கள் நின்றுவிட்டன. ஆகவே கொடுத்துவிடத்தான் வேண்டும் என்பதில்லை அக்கா.

தாமரைத்தண்டு

உங்கள் தொட்டி 6 அடி, ஆற்றுமீன். இளம் பிளெக்கோவாக இருந்து இடமும் இருந்தால் உணவு கொடுத்தே தடுக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் சளியின் ருசி பழகிவிட்ட பெரிய பிளெக்கோ வயிறு நிறைந்தபின்னும் தேடி வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதோடு அது 40 செ.மீ. தாண்டக்கூடியது. ஒன்றரை அடி அகலத் தொட்டியில் அதனால் நிம்மதியாகத் திரும்பக்கூட முடியாது.

கரைமணல்

கொடுத்துவிட முடிவு செய்துவிட்டேன். 8 அடித் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொள்கிறார். அப்படியானால் இனி டெம்ப்சி இருக்கலாமா? பிளெக்கோ இருந்த இடத்துக்குச் செவரம் ஒன்று விடலாமா? தரை வெறிச்சென்று இருக்கிறது.

தாமரைத்தண்டு

துணை மீன் என்றதும் எல்லோரும் கேட்பது 'அடி தாங்குமா' என்றுதான். எனக்கு அது கடைசிக் கேள்வி. முதலில் அந்த மீன் ஆஸ்கர் வாயில் நுழையுமா என்று பார்ப்பேன். நீளம் மட்டும் போதாது, உடம்பின் உயரம் முக்கியம். சில்வர் டாலர் 15 செ.மீ.தான், ஆனால் தட்டு போல் உயர்ந்த உடம்பு என்பதால் தப்பிக்கிறது. ஜயண்ட் டேனியோ வேகமாக நீந்தும். ஆனால் குச்சி போன்ற உடம்பு, ஒருநாள் காணாமல் போகும். அடுத்து, தொட்டியின் எந்த மட்டத்தில், எந்த நேரத்தில் நடமாடுகிறது என்று பார்ப்பேன். உங்கள் சிக்கல் முழுவதும் அந்த நேரத்தில்தான் ஒளிந்திருந்தது. தண்ணீரும் ஒத்துப்போக வேண்டும். அமேசான் மீனான ஆஸ்கருக்கு மென்மையான, நடுநிலையை ஒட்டிய தண்ணீர் இதம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் ம்பூனா மீன்களுக்குக் கடினமான காரத் தண்ணீர். இரண்டும் சிக்லிட் என்பதற்காக ஒன்றாக விடுவது ஒன்றுக்கு நிரந்தரத் துன்பம். தங்கமீன் குளிர்நீர் மீன். அதைத் துணையாகவும் விடக்கூடாது, இரையாகவும் போடக்கூடாது.

செவரம் நல்ல தேர்வு. அதே தென் அமெரிக்கத் தண்ணீர், 20 செ.மீ. வரை உயர்ந்த உடம்பு, சிக்லிட்களில் சாது. ஆனால் இந்தத் தொட்டியில் வேண்டாம். கொள்ளளவு 255 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 220தான் வரும். அது முழு வளர்ச்சியில் 30 செ.மீ. தாண்டும் ஒரு ஆஸ்கருக்கே இறுக்கமான வீடு. எண்ணிக்கையைக் கூட்டினால் சண்டை பரவலாகும் என்பது பெரிய தொட்டியில், பெரிய வடிகட்டியோடு ஓரளவு நடக்கும். இங்கே கூட்டினால் நைட்ரேட்தான் கூடும்.

டெம்ப்சி தற்போதைக்கு இருக்கட்டும். கற்களையும் கட்டைகளையும் மொத்தமாக வெளியே எடுத்து வேறு விதமாக அடுக்குங்கள். அதன் பழைய எல்லை கலைந்துவிடும். பார்வையை மறைக்கும் கட்டை ஒன்று நடுவில் வேண்டும். ஒரு வாரத்துக்குப் பின்னும் வால் கிழிந்தால் வலைத்தடுப்புப் போட்டு, அதற்கும் வேறு வீடு பாருங்கள். சில்வர் டாலர் கூட்டமாக வாழும் மீன். நான்கு குறைவு, ஆனால் ஐந்தாவது, ஆறாவது எல்லாம் பெரிய தொட்டி வந்தபிறகு.

பாசிப்படி

என் ஃபிளவர்ஹார்னுக்கு எது துணையாகும் என்று கேட்கத்தான் வந்தேன். மேலே படித்ததில் பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது.

ஆற்றுமீன்

தனியாக வையுங்கள். அது மனிதர் கலப்பினமாக உருவாக்கிய மீன். பெரும்பாலானவை கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைக்கூட விட்டுவைக்காது.

கரைமணல்

இரண்டு வாரம் ஆகிவிட்டது. நைட்ரேட் 30க்கு வந்துவிட்டது. விலாவில் புதுத் திட்டு எதுவும் இல்லை. பழையவை கருத்து மூடிவருகின்றன. வால் ஓரத்தில் கண்ணாடி போல் புதுச் சவ்வு வளர்கிறது. கட்டைகளை மாற்றி வைத்தபின் டெம்ப்சி இரண்டு நாள் ஒளிந்திருந்தது. இப்போது இடது மூலையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்தால் மட்டும் விரட்டுகிறது.

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி வைக்கச் சுவரோரம் அளந்துவிட்டேன். தண்ணீர் மட்டும் 680 கிலோ வருகிறது. தரை தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிட்டுத்தான் செய்யச் சொல்வேன். செவரத்தை அதற்குப் பிறகுதான் வாங்குவேன்.

தாமரைத்தண்டு

நல்லது. செவரம் வந்ததும் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்து, வெண்புள்ளி நோயோ துடுப்பு அழுகலோ இல்லை என்று பார்த்தபின் விடுங்கள். 12 செ.மீ.க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். விடும் நாளில் ஆஸ்கர்களுக்கு முதலில் வயிறாரக் கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். அந்த இரவும் சிவப்பு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.