முகநூலில் நம் விருப்பப் பட்டியல்: மூடுவதா, திறந்து வைப்பதா?

மருதாணி:
போட்டோவுக்குப் பூட்டு போடுறோம், போன் நம்பரை மறைக்கிறோம், பிறந்த வருஷத்தைக்கூட எடுத்துடுறோம். ஆனா முகநூல் புரொஃபைல்ல 'லைக்ஸ்'னு ஒரு பகுதி கிடக்கு, அதை நம்மில் பாதிப் பேர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம். எந்த நடிகர், எந்தக் கட்சி, எந்தக் கோயில், எந்தச் சாதிச் சங்கம், எந்த ஆஸ்பத்திரி, எல்லாப் பக்கமும் அங்க வரிசையா நிக்குது. நம்ம பக்கம் ஒருத்தரைப் பத்தி விசாரிக்க வர்றவங்க வாய்விட்டுக் கேட்கத் தயங்குற கேள்விக்கெல்லாம் அங்க பதில் இருக்கு.

அந்தப் பட்டியல் 'ஒன்லி மீ'ல, அதாவது நமக்கு மட்டும் தெரியுற மாதிரி இருக்கணும். இதுதான் என் கட்சி. கம்ப்யூட்டர்ல லைக்ஸ் பகுதிக்குப் போய் மூணு புள்ளியைத் தொட்டா பிரைவசி மாத்துற இடம் வரும். படம், பாட்டு, புத்தகம், மத்த லைக்ஸ்னு தனித்தனியா இருக்கும். ஒண்ணை மூடினா இன்னொண்ணு தானா மூடாது. நாம ஃபாலோ பண்றவங்க பட்டியலுக்கு வேற இடம், செட்டிங்ஸ்ல 'ஃபாலோயர்ஸ் அண்ட் பப்ளிக் கன்டென்ட்'. எல்லாம் முடிச்சதும் 'வியூ ஆஸ்' போட்டு வெளியாள் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு பாருங்க. மாத்துக் கருத்து இருந்தா வாங்க.

நொய்யல் மணி:
எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறதம்மா.

எனக்குப் பறவை பார்ப்பதில் ஆர்வம். சிங்காநல்லூர் குளத்தில் விடியற்காலையில் என்னோடு வந்து நிற்கும் நண்பர்களில் பலரை அவர்களுடைய விருப்பப் பட்டியலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரே ஊர், ஒரே மாதிரிப் பக்கங்கள், அலமாரியில் ஒரே மாதிரிப் புத்தகங்கள். சாதி, தெரு, சம்பளம் எதையும் கேட்காமல் முன்பின் தெரியாத இருவர் கைகுலுக்கிக்கொள்ள இணையம் தந்த வழி அது. எல்லாரும் 'ஒன்லி மீ' போட்டிருந்தால் நாங்கள் ஒரே குளத்தைத் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருப்போம்.

போலிக் கணக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் இந்தியாவில் நண்பர் அல்லாதவர் நம் பக்கத்தைப் பார்க்க முடியாதபடி பூட்டும் புரொஃபைல் லாக் வந்தது. பெண்களுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது வரும் நட்பு அழைப்புகளில் முகமும் தெரிவதில்லை, ஆர்வமும் தெரிவதில்லை. தன் வீட்டுக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நம் கூடத்துக்குள் வர அனுமதி கேட்கிறார்கள். எதை வைத்து நம்புவது?

2024 ஜூனில் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளம் எல்லாருடைய லைக்குகளையும் மற்றவர் பார்வையிலிருந்து மறைத்தது. சாமானியருக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் ஒரு மக்கள் பிரதிநிதி எந்த வெறுப்புப் பதிவுக்கு இதயம் போட்டார் என்று பார்த்துக் கேள்வி கேட்கும் வழியும் அதோடு அடைபட்டது.

பைட்_தச்சன்:
ரெண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரர் என்ன பார்ப்பார்னு பேசுறீங்க. 'ஒன்லி மீ'ல இருக்கிற அந்த 'மீ'யோட முகநூல் கம்பெனியும் சேர்ந்தேதான் உட்கார்ந்திருக்கு.

2013ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிகால் கோசின்ஸ்கி, டேவிட் ஸ்டில்வெல், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த தோரே கிரேப்பல் மூணு பேரும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 58,000க்கு மேல தன்னார்வலர்கள், கையில இருந்தது அவங்களோட முகநூல் லைக்குகள். அதை மட்டும் வச்சு அமெரிக்காவில் யார் டெமாக்ரட், யார் ரிபப்ளிகன்னு 85% துல்லியமா பிரிச்சாங்க. ஓரினச் சேர்க்கை ஆண்களை 88%. இதில் முக்கியமான விஷயம் என்னன்னா, அந்த ஆண்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவங்கதான் வெளிப்படையா அது சம்பந்தப்பட்ட பக்கங்களுக்கு லைக் போட்டிருந்தாங்க. மத்தவங்களைக் காட்டிக்கொடுத்தது பாட்டும், நிகழ்ச்சியும், எதுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி தெரிஞ்ச பக்கங்களும்.

மணி சார், அதனால "பறவைப் பக்கம்தானே, இதில் என்ன இருக்கு"ன்னு தனியா ஒரு லைக்கைப் பிரிச்சுப் பார்க்க முடியாது. அது கூட்டத்தோட சேர்ந்துதான் பேசும்.

நொய்யல் மணி:
தச்சன் தம்பி, அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். 88% என்றால் நூறு பேரைக் காட்டினால் எண்பத்தெட்டு பேரைச் சரியாகச் சொல்லிவிடும் என்று பொருளில்லை. இந்தப் பிரிவில் ஒருவர், அந்தப் பிரிவில் ஒருவர் என்று இரண்டு பேரை முன்னால் நிறுத்தினால், யார் எவர் என்று 88% முறை சரியாகப் பிரிக்கும். ஊரில் பத்தாயிரம் பேர் இருக்க, அதில் சிறுபான்மையாக இருக்கும் சிலரைத் தேடிப் பிடிப்பது இதைவிட எவ்வளவோ கடினம், தப்பும் நிறைய வரும். பயத்தை எண்ணாக்கிக் காட்டும்போது எண்ணின் பொருளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பைட்_தச்சன்:
கணக்கு நீங்க சொல்றதுதான் சரி. ஆனா தப்பு நிறைய வரும்கிறது ஆறுதல் இல்லை சார். தப்பா ஊகிக்கப்பட்டவனும் அந்த ஊகத்துக்கான விலையைக் கொடுக்கத்தான் செய்வான். அதோட விளம்பரமோ தேர்தல் பிரசாரமோ பண்றவனுக்கு ஒவ்வொருத்தரும் சரியா இருக்கணும்னு அவசியமே இல்லை, மொத்தமா ஒரு பக்கம் சாஞ்சாலே போதும்.

2018ல வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் ஞாபகம் இருக்கும், ஆளுமைத் தேர்வு ஆப் ஒண்ணு மூலமா எடுத்த முகநூல் தகவல் தேர்தல் பிரசார நிறுவனத்துக்குப் போன கதை. அந்த ஆளுமைத் தேர்வு ஆப்பை இந்தியாவில் நிறுவினவங்க 335 பேர்னு முகநூலே சொன்னது. தகவல் போயிருக்கலாம்னு அது கணக்குச் சொன்ன இந்தியர்கள் 5,62,455 பேர். நண்பன் ஒருத்தன் ஆப் போட்டதால நம்ம லைக்கும் சேர்ந்து போச்சு. மருதாணி சொல்ற பூட்டை மட்டும் போட்டுட்டு நிம்மதியா தூங்காதீங்கன்னுதான் சொல்றேன். அந்தச் செட்டிங்ஸ்லயே 'ஆட் ப்ரிஃபரன்ஸ்', ஆப்களுக்குக் கொடுத்த அனுமதி, வெளித்தளங்கள் நம்மைப் பத்தி அனுப்புற தகவல், இந்த மூணையும் பாருங்க.

மருதாணி:
அண்ணா, கம்பெனி தெரிஞ்சுக்கிட்டா எனக்கு ஒரு புடவை விளம்பரம் கூடுதலா வரும். அதுவும் தப்புதான், சண்டை போடுவோம். ஆனா கம்பெனிக்காரன் எங்க தெருவுக்கு வந்து எங்க அப்பாகிட்ட பேச மாட்டான். எங்க சித்தப்பா பேசுவார்.

எங்க சொந்தத்தில் ஒரு பொண்ணு, கல்லூரியில் படிக்கிறா. எழுத்தா ஒரு வார்த்தை போட்டதில்லை, ஒரு சண்டை போட்டதில்லை. சாதி மறுப்புத் திருமணம் செஞ்சவங்களுக்கு உதவுற ஒரு பக்கத்தை ஃபாலோ பண்ணியிருந்தா, அவ்வளவுதான். உறவுக்காரர் ஒருத்தர் அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்அப்ல போட்டுட்டார். "யாரு அந்தப் பையன்?"னு ஆரம்பிச்சது. பையனே கிடையாது! செல்போனைப் பிடுங்கினாங்க, ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, அந்தப் பருவத் தேர்வையே அவ எழுதல. சாதி தாண்டிக் காதலிச்சதுக்காகப் பிள்ளைகளை வெட்டிக் கொல்ற ஊர்ல இருந்துக்கிட்டு இதைப் பேசுறோம். மணி அண்ணா, உங்களுக்கு அந்தப் பட்டியல் நண்பரைக் கொண்டுவந்து தந்தது. சந்தோஷம். இவளுக்கு என்ன தந்தது?

2012 நவம்பர்ல மகாராஷ்டிரா பால்கர்ல என்ன நடந்துச்சு? மும்பை பந்த் பத்தி ஒரு பொண்ணு எழுதினா, இன்னொரு பொண்ணு லைக் போட்டா. ரெண்டு பேரையும் போலீஸ் பிடிச்சது. எழுதின பொண்ணோட உறவினர் நடத்தின கிளினிக்கை அடிச்சு நொறுக்கினாங்க.

நொய்யல் மணி:
அந்தப் பெண்ணுக்கு நடந்தது கொடுமை. அவள் பட்டியலை மூடியே ஆக வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

நான் கேட்பது வேறு. சாதி மறுப்புப் பக்கத்தை விரும்புகிறவர்கள் அத்தனை பேரும் மறைந்துகொண்டால், அந்த ஊரில் அப்படி நினைப்பவர் ஒருவருமே இல்லை என்றல்லவா அடுத்த தலைமுறைப் பெண் நினைப்பாள்? ஐம்பதைத் தாண்டிய, சொந்த வருமானம் உள்ள, என்னைப் போன்ற ஆண்கள் திறந்து வைக்க வேண்டும். எங்களுக்குச் செலவில்லை, அவளுக்குத் துணை.

சட்டமும் அப்படியே நின்றுவிடவில்லை. பால்கர் கைதுக்குப் பிறகுதான் வழக்கு போய், இணையத்தில் புண்படுத்தும் பதிவு போட்டால் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. ஒரு பதிவுக்கு லைக் போடுவது அதை வெளியிடுவதோ பரப்புவதோ ஆகாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

சட்டக்குறிஞ்சி:
66ஏ ரத்தான பிறகும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிவது தொடர்ந்தது. 2021இல் உச்ச நீதிமன்றமே அதைக் கேட்டு அதிர்ச்சி தெரிவித்தது. தீர்ப்பு டெல்லியிலிருந்து காவல் நிலையம் வந்து சேர எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு அது போதும்.

இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2023இல் எண்ணிமத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படியுங்கள். ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தனிநபர் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. சமூக ஊடகத்தில் தன் கருத்துகளை எழுதும்போது தன்னைப் பற்றிய தகவலையும் பொதுவில் வைத்துவிடும் ஒருவரைத்தான் சட்டமே எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறது.

ஆகவே மணி ஐயா, 'பப்ளிக்' என்று விட்டுவைத்த பட்டியலை நாளை ஒரு நிறுவனம் அள்ளிச் சேகரித்தால், "இது நீங்களே வெளியிட்டதுதானே" என்று அது வாதிட முடியும். நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தால் அந்த வாதம் எளிதில் நிற்காது. முகநூலின் அந்தச் சின்னப் பொத்தான் இந்தச் சட்டத்தின் நிழலில் நாம் நிற்கிறோமா, வெளியே நிற்கிறோமா என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. மருதாணி சொல்வதை இந்த ஒரே காரணத்துக்காக முழுமையாக ஆதரிக்கிறேன்.

கடல்தாண்டி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் நிலைமையையும் கேளுங்கள். 2025 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறை, மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் எல்லா சமூக ஊடகக் கணக்குகளையும் 'பப்ளிக்' ஆக்க வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் எச்1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்தினருக்கான எச்4 விசா விண்ணப்பதாரர்களையும் சேர்த்துவிட்டது. கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய கணக்குகளின் பெயர்களை 2019 முதலே படிவத்தில் கேட்கிறார்கள். எனக்கு மறைக்கவும் வழியில்லை, மறைத்தால் சந்தேகம். நான் எந்தக் கட்சியில் சேர்வது?

மருதாணி:
தம்பி, நீங்க திறங்க, வேற வழியில்ல. விசா முடிவு வந்ததும் இதை வக்கீல்கிட்ட கேட்டு மூடுங்க. ஆனா மத்தவங்க ஒண்ணைக் கவனிங்க. ஒரு அரசாங்கமே "திற, பார்க்கணும்"னு கேட்குதுன்னா அங்க பார்க்க என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்?

நொய்யல் மணி:
குறிஞ்சி சொன்ன 3ஆம் பிரிவு கனமான வாதம். ஆனாலும் அது சட்டத்தின் ஓட்டை. ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமே தவிர, மக்கள் தங்கள் ஆர்வங்களைச் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவுகட்டக் கூடாது. அரசியல், மதம், உடல்நலம் சார்ந்த பக்கங்களை மூடுங்கள். புத்தகத்தையும் பறவையையும் திறந்து வையுங்கள். தனித்தனித் தேர்வு இருக்கும்போது எதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு?

பைட்_தச்சன்:
பிரிவுகள் நம்ம வாழ்க்கைக்கு ஏத்த மாதிரி பிரிக்கப்படல சார், அதுதான் சிக்கல். கட்சிக்கும் சாதிச் சங்கத்துக்கும் தனிப் பெட்டி கிடையாது, பறவைப் பக்கமும் சங்கப் பக்கமும் மத்த லைக்ஸ்ங்கிற ஒரே மூட்டையிலதான் கிடக்கும். பாட்டுப் பட்டியல்ல ஒருத்தர் மதம் தெரியும். புத்தகப் பட்டியல்ல ஒருத்தர் அரசியல் தெரியும், அதுவும் தமிழ்ல எதைப் படிக்கிறோம்கிறது ரொம்பவே தெரியும்.

முகநூலே 2022 டிசம்பர்ல புரொஃபைல்ல இருந்த மதம், அரசியல் சார்பு, 'இன்டரஸ்டட் இன்' (ஆண், பெண் யார்மேல ஈர்ப்பு) கட்டங்களை எடுத்துட்டது. கட்டம் போச்சு, லைக்குகள் இருக்கு.

இன்னொண்ணு, இந்தப் பட்டியல் திறந்து கிடந்தது நாம யோசிச்சு எடுத்த முடிவே இல்லை. ஆரம்பத்தில் ஆர்வம்னா நாமளே தட்டச்சு செய்ற வெறும் எழுத்து. 2010 ஏப்ரல்ல அதையெல்லாம் பக்கங்களோட இணைச்சாங்க. இணைக்க மாட்டேன்னா உன் பகுதி காலியாகும்னு சொன்னாங்க. இணைச்சா பொதுத் தகவல். அன்னைக்குச் சரின்னு தட்டினவங்க "என் ஆர்வம் ஊருக்கே தெரியட்டும்"னு முடிவு எடுத்ததா நான் ஏத்துக்க மாட்டேன். மணி சார் மாதிரி தெரிஞ்சு திறந்து வைக்கிறவருக்கு என் ஆட்சேபணை கிடையாது. தெரியாம திறந்து கிடக்கிற கணக்குகளுக்காகத்தான் பேசுறேன்.

நொய்யல் மணி:
இயல்பாகவே மூடியிருக்க வேண்டும், வேண்டியவர் திறந்துகொள்ளட்டும் என்பதை ஏற்கிறேன். அதற்கு மேல் ஒரு படி இறங்க மாட்டேன். என் பட்டியல் திறந்தே இருக்கும். மருதாணி, உங்கள் உறவுப் பெண்ணின் கண்ணில் படும்படி அந்த உதவிப் பக்கமும் அதில் இருக்கும்.

கரிசல்_தமிழினி:
அக்கா, நீங்க சொன்ன மாதிரி எல்லாத்தையும் 'ஒன்லி மீ' ஆக்கிட்டேன். ஆனா ஒரு பேஜ்ல வந்த பழைய பதிவுக்குக் கீழ போய்ப் பார்த்தா நான் போட்ட லைக் இன்னும் என் பேரோட தெரியுதே?

பைட்_தச்சன்:
தெரியும்மா. நீங்க மூடினது பட்டியலை. பொதுப் பதிவுக்குப் போட்ட லைக்கும் கமென்ட்டும் அந்தப் பதிவோட பார்வையாளர்களைப் பொறுத்தது, உங்க செட்டிங் அதைத் தொடாது. பால்கர்ல அந்தப் பொண்ணு போட்டதும் அந்த வகை லைக்தான். 'ஆக்டிவிட்டி லாக்'குக்குப் போங்க, அதில் லைக்ஸ் அண்ட் ரியாக்ஷன்ஸ்னு வரும். வருஷ வாரியா பிரிச்சு, வேண்டாததைத் தேர்ந்தெடுத்து நீக்கிடலாம். முதல்ல கட்சிப் பதிவுகளையும் உடல்நலம் சம்பந்தப்பட்ட பதிவுகளையும் எடுங்க. கமென்ட் தனிப் பகுதியில இருக்கும், அதையும் விட்டுடாதீங்க.