10 வாட் லேசர் வாங்கி வீட்டிலேயே தொழில்: வட்டம் மூடவில்லை, ப்ளைவுட் அறுபடவில்லை, ரெக்சின் ஆர்டர் வந்திருக்கிறது. வழி சொல்லுங்கள்

கேள்வி: மரப்பலகை (திண்டுக்கல்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 10 வாட் டயோடு லேசர், 40க்கு 40 செ.மீ., மூடி இல்லாத திறந்த சட்டம், மென்பொருள் லேசர்ஜிஆர்பிஎல். மாடியில் ஒரு சின்ன அறையில் வைத்திருக்கிறேன், ஜன்னல் உண்டு. வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை, சாவிக்கொத்து, கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட் இதெல்லாம் செய்து விற்கலாம் என்று எண்ணம். தெரிந்தவர்கள் வழியாக ஆர்டர் மெல்ல வர ஆரம்பித்துவிட்டது, வேலைதான் சுத்தமாக வரவில்லை.

வட்டம் போட்டால் ஆரம்பித்த இடத்தில் வந்து மூடாமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறது, பெரிய எழுத்துகளின் ஓரம் இரட்டையாகத் தெரிகிறது. அடுத்து, மரக்கடையில் வாங்கிய 4 மிமீ ப்ளைவுட்டை நாலைந்து முறை ஓட்டினாலும் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பின்பக்கம் கரி மட்டும்தான். தமிழ்ப் பெயர்களை எழுத்தை நிரப்பும்படி போட லைட்பர்ன் என்கிற லேசர் மென்பொருளின் இலவச சோதனைப் பதிப்பை இறக்கிப் பார்த்தேன், அதில் 'கி', 'மி' மாதிரி எழுத்துகளில் கொக்கி சேரும் இடம் மட்டும் எரியாமல் வெள்ளையாக விட்டுப்போகிறது.

இதற்கு நடுவில் ஒரு தையல்காரர் 100 ரெக்சின் பர்ஸில் பெயர் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். நல்ல ஆர்டர். ஒரு துண்டில் போட்டுப் பார்த்தபோது மூக்கைக் குத்துகிற வாடை வந்தது, நிறுத்திவிட்டேன். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்ட முடியுமா என்றும் கேட்கிறார்கள். விலை எப்படி வைப்பது என்பதும் பிடிபடவில்லை. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்: கரிக்கோடு

முதலில் ரெக்சின். அந்த ஆர்டரை இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் சகோதரி. கடைகளில் ரெக்சின் என்று விற்பதில் பெரும்பகுதி பிவிசி, குளோரின் கலந்த பிளாஸ்டிக். அதை எரித்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு வாயு, அது ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும். உங்கள் நுரையீரலிலும் ஈரம், இயந்திரத்தின் இரும்புத் தண்டிலும் காற்றின் ஈரம். கொஞ்ச நாளில் பேரிங்கும் ஸ்க்ரூவும் துருப்பிடித்துக் கிடக்கும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

"இது பியூ (பாலியூரித்தேன்) தான், பிவிசி இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் ஒரு சோதனை இருக்கிறது. செம்புக் கம்பியை ஒரு கட்டையில் கட்டி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, அந்தப் பொருளின் மேல் தொட்டு, கொஞ்சம் ஒட்டியதும் மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, அதைத் தொடவே கூடாது. மொட்டைமாடியில் செய்யுங்கள், சமையலறை அடுப்பில் வேண்டாம்.

தையல்காரரைக் கைவிட மனம் இல்லை என்றால் நிஜத் தோலில் சின்னப் பட்டி வெட்டி, அதில் பெயர் போட்டுக் கொடுங்கள், அவர் பர்ஸில் வைத்துத் தைத்துக்கொள்ளட்டும். உங்கள் ஊரிலேயே தோல் பதனிடும் தொழில் இருக்கிறது. மரப்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலாகக் கேட்டு வாங்குங்கள், குரோமியத்தில் பதனிட்டது வேண்டாம்.

பதில்: பெல்ட்டு மெக்கானிக்

வட்டம் மூடாதது லேசரின் குற்றம் இல்லை, பெல்ட் தளர்ந்திருக்கிறது. இயந்திரத்தை அணைத்துவிட்டு லேசர் தலையை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரங்களுக்குள் ஒரு எக்சென்ட்ரிக் நட் இருக்கும், அதைத் திருப்பி, சக்கரம் தண்டைப் பிடித்துக்கொண்டும் உருண்டுகொண்டும் இருக்கிற அளவுக்கு வையுங்கள். ரொம்ப இறுக்கினால் மோட்டார் திணறி அடியைத் தவறவிடும், அது வேறு வியாதி. பெல்ட்டை இரண்டு பக்கமும் ஒரே இறுக்கத்தில் வையுங்கள். பல பேர் ஒரு பக்கம் மட்டும் இறுக்கிவிட்டு சட்டம் கோணிக்கொண்டது என்று வருவார்கள். மோட்டார் அச்சில் இருக்கிற புல்லியின் பொடி ஸ்க்ரூவையும் மறக்காமல் பாருங்கள், நான் பார்த்த வரை பாதி நேரம் கழன்றிருப்பது அதுதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும், நிரப்பும் எழுத்தில் மட்டும் ஓரம் இரட்டையாக வந்தால், போகும்போது எரிவதும் திரும்பும்போது எரிவதும் கொஞ்சம் விலகுகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். விலகல் குறைந்தால் லைட்பர்னில் ஸ்கேனிங் ஆஃப்செட் என்று ஒரு அட்டவணை உண்டு, வேகத்துக்கு ஏற்ப அதில் திருத்தம் போடலாம்.

ப்ளைவுட்டில் பி.டபிள்யூ.பி. என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். கொதிநீரையும் தாங்குகிற பசை போட்டது அது, நிறம் கறுத்த பினாலிக் பசை. மரம் எரியும், அந்தப் பசை இந்த லேசருக்கு அசையாது. கிச்சன் அலமாரிக்கு அருமையான சரக்கு, உங்களுக்கு ஆகாது. 3 மிமீ பாஸ்வுட் (மென்மையான வெளிர் மரம்) ப்ளை வாங்குங்கள். என் 10 வாட்டில் ஏர் அசிஸ்ட் (எரியும் இடத்தில் காற்றை ஊதும் அமைப்பு) போட்டு நிமிடத்துக்கு 300 மிமீ வேகத்தில் ஒரே ஓட்டத்தில் அறுபடுகிறது. ஏர் அசிஸ்ட் இல்லாமல் வெட்டும் வேலைக்கு இறங்கவே இறங்காதீர்கள், மீன் தொட்டி மோட்டார் போதாது. லென்ஸில் புகை படிந்திருந்தாலும் சக்தி குறையும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடையுங்கள்.

பதில்: பாமினி எதிரி

தமிழ் எழுத்து விஷயம் என் ஏரியா. எழுத்தும் கொக்கியும் தனித்தனி வடிவங்களாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. நிரப்பும்போது இரண்டு வடிவம் மேலேறிய இடத்தை மென்பொருள் ஓட்டை என்று எடுத்துக்கொள்கிறது. இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் பெயரைத் தட்டச்சு செய்து, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்', அன்குரூப், அப்புறம் எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணைக்கும் 'யூனியன்'. எஸ்விஜி ஆகச் சேமித்து லைட்பர்னில் திறந்தால் போதும். கொம்பு, கால் எல்லாம் இடம் மாறிக் குதிப்பதும் இதிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெயரை நகலெடுத்து ஒட்டுங்கள், நீங்களாகத் தட்டாதீர்கள். எரிப்பதற்கு முன் படத்தை அனுப்பி "சரி" என்று எழுத்தில் வாங்குங்கள். ர, ற தகராறில் பலகை போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பதில்: வோல்ட்டேஜ்

இதற்கெல்லாம் 40 வாட் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயுக் குழாய்) லேசர் இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டால் கவலை விட்டது. கண்ணாடி போன்ற அக்ரிலிக் அறுக்கலாம், உங்கள் டயோடு அதைத் தொடவே முடியாது, நீல ஒளி உள்ளே புகுந்து அப்படியே அந்தப் பக்கம் போய்விடும்.

பதில்: கரிக்கோடு

@வோல்ட்டேஜ், அக்ரிலிக் பற்றிச் சொன்னது சரி, அவருக்கு வாங்கச் சொல்வது சரி இல்லை. சிஓ2 குழாய்க்கு 10,000 வோல்ட்டுக்கு மேல் போகிறது, வீட்டில் எர்த்திங் ஒழுங்காக இல்லையென்றால் உயிர் ஆபத்து. தண்ணீரில் குளிர்விக்க வேண்டும், சித்திரை மாதத்தில் நம் ஊர்த் தொட்டித் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் இருக்கிறது, குழாய் எத்தனை நாள் தாங்கும்? கைக்கு ஒரு பொருள் சுத்தமாக வரட்டும், அந்த வருமானத்தில் அடுத்த இயந்திரம் பார்க்கலாம்.

குழந்தை இருப்பதால் இதுதான் முக்கியம்: திறந்த சட்டத்தோடு ஓட்டாதீர்கள். இது நான்காம் வகுப்பு லேசர், ஆபத்தில் மேல் வகுப்பு. பளபளப்பான பொருளில் பட்டுத் தெறிக்கும் கதிரே பார்வையைப் பறித்துவிடும். மூடிய பெட்டி செய்து, 4 இஞ்ச் டக்ட் ஃபேன் வைத்துப் புகையை வெளியே தள்ளுங்கள். கூடவே கொடுத்த பச்சைக் கண்ணாடியை நம்பாமல், 450 நானோமீட்டருக்கு (உங்கள் லேசரின் நீல ஒளி) என்று அச்சிட்டு, ஒளியை எவ்வளவு தடுக்கும் என்கிற ஓடி மதிப்பும் குறிப்பிட்ட கண்ணாடி வாங்குங்கள். ஓடும்போது அறைக் கதவு தாழ்ப்பாள், நீங்கள் உள்ளே, கைக்கு எட்டும் தூரத்தில் தீயணைப்பான். "சோறு வடித்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்பது கிடையாது, தீ பிடிக்க அரை நிமிடம் போதும்.

பதில்: பாத்திரக்கடை

எவர்சில்வர் பற்றி யாரும் சொல்லவில்லையே. 10 வாட்டில் மெதுவாக ஓட்டினால் கறுப்பாக ஒரு தடம் விழும், உண்மைதான். ஆனால் அது மேல்தோலில் நிற்கும் நிறம், கம்பி நார் போட்டுத் தேய்க்கிற வீட்டில் மங்கிவிடும், சில சமயம் அந்த இடம் துருவும் பிடிக்கும். பித்தளைக் குத்துவிளக்கு, செம்புச் சொம்பு எல்லாம் உங்களால் முடியாது. அதற்கு 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசர்தான். எங்கள் கடையில் சீர்வரிசைப் பாத்திரத்துக்குக் கையால் பெயர் வெட்டும் மெஷினே இன்னும் ஓடுகிறது, அதோடு விலையில் போட்டியிட முடியாது. பெயின்ட் பூசிய தண்ணீர் பாட்டில் எடுங்கள், பூச்சு மட்டும் எரிந்து உள்ளே இருக்கிற எவர்சில்வர் வெள்ளையாகத் தெரியும். அழகாக இருக்கும்.

விலைக்கு நான் செய்வது: பொருள் விலை, வீணாகும் பங்காக அதில் பத்தில் ஒன்று, இயந்திரம் ஓடும் நேரத்துக்கு மணிக்கு 200 ரூபாய், டிசைனுக்குத் தனியாக. டிசைன் நேரத்தைச் சேர்க்காமல்தான் நிறைய பேர் இலவசமாக உழைக்கிறார்கள். நடிகர் படம், கிரிக்கெட் அணி லோகோ போட்டு விற்கக் கேட்பார்கள், அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள்.

மரப்பலகை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. புல்லி ஸ்க்ரூ கழன்றுதான் இருந்தது, இறுக்கியதும் வட்டம் மூடிவிட்டது! யூனியன் போட்டதும் எழுத்தும் நிறைந்துவிட்டது. பர்ஸ் துண்டைச் செம்புக் கம்பியில் பார்த்தேன், நல்ல பச்சை. தையல்காரரிடம் சொல்லிவிட்டேன், தோல் பட்டி மாதிரி கேட்டிருக்கிறார். பெட்டி செய்து முடிக்கும்வரை இயந்திரத்துக்கு ஓய்வு. இன்னும் ஒன்று: பெங்களூருவில் இருந்து 20 பெயர்ப்பலகை கேட்கிறார்கள். ஜிஎஸ்டி வேண்டுமா? மானியக் கடன் ஏதாவது கிடைக்குமா?

பதில்: பாத்திரக்கடை

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். அவர்கள் கொண்டுவந்த பொருளில் பெயர் போட்டுத் தருவது சேவை, அதையும் கலந்து செய்தால் வரம்பு 20 லட்சம். பெங்களூரு வேறு மாநிலம், பொருளை அங்கே விற்க முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைப் பொருள்களுக்கு மட்டும் சில விலக்கு உண்டு, உங்கள் பலகை அதில் வருமா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் வாங்குங்கள்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம், அரசு தளத்தில் ஆதாரும் பானும் வைத்து நீங்களே செய்யலாம், பணம் கேட்டால் ஏமாற்று. கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி என்கிற மத்திய அரசின் மானியக் கடன் திட்டம் பற்றிக் கேளுங்கள், மானியம் 15 முதல் 35 சதவீதம், நகரமா கிராமமா, எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்தது. பெண்களுக்குச் சிறப்புப் பிரிவு உண்டு. ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான், நீங்கள் ஏற்கெனவே விற்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுங்கள்.