பசிதூண்டி, பசிதணிப்பி, நிறைவு: வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

அன்புடையீர்,

உடலியங்கியல் பாடநூலின் பசி பற்றிய இயல் என் மேசையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் ஒரு கூட்டம் நரம்பணுக்கள் நியூரோபெப்டைடு ஒய் முதலியவற்றை வெளியிட்டு உண்ணவைக்கின்றன. பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் உண்பதைக் குறைக்கிறது. இவ்விரு வகைப் பெப்டைடுகளுக்கும் (சிறு புரதத்துணுக்குகள்) பசியூக்கி, பசியடக்கி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தலைவலி நிறைவு. உண்டுகொண்டிருப்பவரை நிறுத்தவைப்பது ஒன்று. அடுத்த வேளைவரை பசி எழாமல் வைப்பது மற்றொன்று. மூலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள். இரண்டையும் 'நிறைவு' என்றே எழுதினால் ஒரு பக்கம் முழுவதும் பொருளற்றுப் போகிறது.

– மொழிபெயர்ப்பாளர்

>பசியூக்கி, பசியடக்கி

பசியடக்கி என்றதும் மாணவர்களுக்கு மாத்திரைதான் நினைவுக்கு வரும். பசிதூண்டி, பசிதணிப்பி என்று வையுங்கள். வகுப்பில் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

– உடலியங்கியல் ஆசிரியை

பசித்தூண்டி என்று ஒற்று மிகவேண்டாமா? அது கிடக்கட்டும். வகைப்பெயரைத் தமிழாக்கிவிட்டு, கொழுப்பணுக்கள் சுரக்கும் பசிதணிப்பி ஹார்மோனான லெப்டினை அப்படியே விடுவது என்ன நியாயம்? கிரேக்கத்தில் 'லெப்டோஸ்' என்றால் மெலிந்தது. 'மெலிவி' என்று வைத்தால் பெயரே பாடம் சொல்லும். ஹார்மோனுக்கு இயக்குநீர் என்ற சொல் இருக்கிறது, ஏன் தயங்குகிறோம்?

– தனித்தமிழன்பர்

ஐயா, பெயர் பாடம் சொல்லும். பல நேரம் தவறான பாடம். லெப்டினை 1994இல் கண்டறிந்த பிறகு, அது மெலியவைக்கும் என்ற நம்பிக்கையில் பெயர் வைத்தார்கள். உடல் பருத்தவர்களில் பெரும்பாலோரின் இரத்தத்தில் அது மிகுதியாகவே இருக்கிறது. மூளைதான் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. மெலிவி மிகுந்ததால் பருத்தார் என்று எழுதப்போகிறோமா? மூளையில் சுரக்கும் ஒரெக்சினும் அப்படித்தான். பசி என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1998இல் பெயரிட்டார்கள். பின்னால் பார்த்தால் அது இல்லாதவர்கள் பகலில் தூங்கி விழுகிறார்கள். குடலில் சுரக்கும் கொலிசிஸ்டோகைனின் பித்தப்பையைச் சுருக்குவதற்காகப் பெயர் பெற்றது. அது எலிகளின் உணவைக் குறைக்கிறது என்று 1973இல்தான் தெரிந்தது. தனிப்பொருள்களின் பெயரைத் தொடாதீர்கள். வகைப்பெயர் மட்டும் தமிழில் இருந்தால் போதும்.

இயக்குநீரும் எனக்கு உடன்பாடில்லை. நரம்பணுவின் முனையிலிருந்து அடுத்த அணுவுக்குத் தாவும் பெப்டைடை நீர் என்பது எப்படி?

– நரம்பியல் ஆய்வாளர்

ஒற்றைப் பற்றி: சுமைதாங்கி, இடிதாங்கி. எங்காவது சுமைத்தாங்கி என்று எழுதுவோமா? பசியைத் தூண்டுவது பசிதூண்டி. வழக்கு முடிந்தது.

நிறைவுக்கு வருகிறேன். வயிறார உண்டான் என்கிறோமே, அந்த 'ஆர்'தான் வேர். ஆர்தல் என்றால் நிறைதல், உண்ணுதல். ஆகவே 'ஆர்வு'. இன்னொன்று: எவ்வளவு உண்டும் அடங்காத நிலைக்கு ஏதோ நீளமான தொடர் எழுதியிருப்பீர்கள். மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த நோய் யானைத்தீ. சொல் ஆயத்தமாகக் கிடக்கிறது.

– புலவர்

யானைத்தீயைப் படித்ததும் சிலிர்த்தது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகளுக்கு அதே நிலைதான். ஊசிவழி லெப்டின் கொடுத்தால் அந்தத் தீ தணிகிறது. பெட்டிச்செய்தியாகச் சேர்க்கலாம். ஆர்வுக்கு மட்டும் என் ஓட்டு இல்லை. அதே சொல்லுக்கு விருப்பம் என்றும் பொருள். பசித்திருப்பவருக்கும் உண்டு முடித்தவருக்கும் ஒரே பெயரா?

– உடலியங்கியல் ஆசிரியை

வேர் ஒன்றாக இருப்பதில் வியப்பென்ன? நிறையவேண்டும் என்ற உந்துதல்தானே விருப்பம்! இதைத் தனி மடலாக விரிக்கிறேன்.

– புலவர்

விரியுங்கள் ஐயா, வெள்ளிக்குப் பிறகு.

உண்பதை நிறுத்தவைக்கும் முதலாவதற்கு 'உண்நிறைவு', அடுத்த வேளைவரை பசி எழாமல் வைக்கும் இரண்டாவதற்குப் 'பசியோய்வு' என்று எண்ணுகிறேன். பசியாறல் நல்ல சொல்தான். ஆனால் பசியாறினீர்களா என்றால் உண்டீர்களா என்றுதான் பொருள். பசியின்மையோ நோய்க்குறிக்குப் போய்விட்டது. கொலிசிஸ்டோகைனின் உண்நிறைவைத் தருகிறது என்றும், குடல் ஹார்மோனான ஜிஎல்பி-1 இரண்டிலும் பங்கெடுக்கிறது என்றும் எழுதிப் பார்த்தேன். பத்தி நிற்கிறது.

– மொழிபெயர்ப்பாளர்

நன்னூற்படி ணகரத்தின் முன் வரும் நகரம் ணகரமாகும். உண்ணிறைவு என்றே எழுதவேண்டும்.

– புலவர்

எழுதினால் உள்+நிறைவு என்று பிரிப்பார்கள். மனநிறைவு என்று விடைத்தாளில் வரும்.

– உடலியங்கியல் ஆசிரியை

சரி, 'உண்ட நிறைவு'. புணர்ச்சிச் சிக்கல் இல்லை. பசிதூண்டி, பசிதணிப்பி, உண்ட நிறைவு, பசியோய்வு. யானைத்தீ பெட்டிக்குள். லெப்டின், கிரெலின் (இரைப்பை சுரக்கும் பசிதூண்டி), ஹார்மோன் அப்படியே. மூவர் ஒப்பியிருக்கிறீர்கள், புலவர் ஐயா அரைமனத்தோடு. இன்றிரவு அனுப்புகிறேன்.

– மொழிபெயர்ப்பாளர்

'உண்ட நிறைவு' கலைச்சொல் அன்று, அது ஒரு தொடர். ஹார்மோனின் ஹகரத்தையாவது நீக்கி ஆர்மோன் என்று அச்சிடுங்கள். என் மறுப்பு பதிவாகட்டும்.

– தனித்தமிழன்பர்

ஆர்மோன் என்றால் அதிலும் ஓர் 'ஆர்' வருகிறது, கவனித்தீர்களா?

– புலவர்