சக ஆதரவுப் பணியாளர் குழுவில் சேர்வது பற்றி

கேள்வி: மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மனநோயிலிருந்து மீண்ட ஒருவர் சக ஆதரவுப் பணியாளராக, அதாவது தன் அனுபவத்தை வைத்து நோயாளிகளுக்குத் துணை நிற்பவராக, எங்கள் குழுவுக்கு வருகிறார். வேலை அழுத்தத்தில் அவருக்கே நோய் திரும்பிவிடுமோ, நோயாளிகள் சொல்வதை எங்களிடம் மறைப்பாரோ என்று சிலர் தயங்குகிறார்கள். உங்கள் அனுபவம் என்ன?

பதில் 1: எங்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் மாத்திரையே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு நோயாளி, “மாத்திரையால் எனக்கும் கை நடுங்கியது, டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றினோம்” என்று எங்கள் சக ஆதரவுப் பணியாளர் சொன்னதும்தான் வாயைத் திறந்தார்.

பதில் 2: அவருடைய வேலை என்னவென்று தெளிவாக வரையறுக்காவிட்டால் அவரைக் கோப்பு தூக்கத்தான் விடுவார்கள். அப்புறம், உயிருக்கு ஆபத்து என்றால் குழுவிடம் சொல்வேன் என்பதை அவர் நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பதில் 3: நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்தாலே “மாத்திரை போட்டீர்களா?” என்று கேட்பதுதான் வலிக்கிறது. முடிந்தால் இரண்டு பேராக எடுங்கள், தனியாளாகச் சமாளிப்பது கஷ்டம்.