ஐந்து பேர் சரி என்கிறபோது நான் மட்டும் மாட்டேன் என்று நிற்கலாமா?

மழைக்காகம்:
எங்கள் டீமில் ஆறு பேர். வாடிக்கையாளர் டேட்டாவைப் புது சர்வருக்கு மாற்றிவிட்டு, பழையதை அழிக்கப்போகிறோம். பேக்கப் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து டேட்டா ஒழுங்காகத் திரும்ப வருகிறதா என்று யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு நாள் தள்ளிப்போடலாம் என்றேன், "அதெல்லாம் வரும், விடுங்க" என்று முடித்துவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறவன் என்று ஏற்கெனவே எனக்குப் பேர். இதிலும் நிற்பதா, போகட்டும் என்று விடுவதா?

அரைத்தூக்கம்:
நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தப்பென்று நாளைக்குத் தெரிந்தால் பழையபடி ஆக்க முடியுமா? திரையின் நிறம், மீட்டிங் நேரம், கோப்புக்கு வைக்கிற பேர் இதிலெல்லாம் பெரும்பாலானவர்கள் சொல்கிறபடி போய்விடுவேன், பிடிக்காவிட்டாலும். அழித்த டேட்டா அப்படியில்லை, அதில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் "தள்ளிப்போடு" என்று கேட்காதீர்கள். மாற்றுவதை இன்றே மாற்றுங்கள், பழைய சர்வரை மட்டும் சில நாள் அழிக்காமல் அணைத்து வையுங்கள் என்று கேளுங்கள். தேதியும் தள்ளாது, யாருக்கும் முகம் சுருங்காது.

ஓரத்து நாற்காலி:
மீட்டிங்குக்கு முன்னாலேயே ஒருவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை இதற்குப் பொருந்தும்: எந்தக் கோடு சம நீளம் என்று கண்ணுக்கே தெரியும், ஆனால் கூட இருக்கிற அத்தனை பேரும், அவர்கள் ஏற்கெனவே பேசி வைத்த ஆட்கள், வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள். அப்படிச் சொன்ன சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஆளிடமிருந்தும் தப்பான பதிலே வந்தது. சரியாகச் சொல்கிற ஒரே ஒரு ஆள் பக்கத்தில் இருந்தபோது அது முன்பிருந்ததில் கால்வாசியாகக் குறைந்துவிட்டது. உங்கள் ஐந்து பேரில் ஒருவருக்காவது உள்ளுக்குள் உறுத்தாமலா இருக்கும்?

பழைய கணக்கன்:
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த ஐந்து பேர் ஏன் "வரும்" என்கிறார்கள் என்று கேட்டீர்களா? யாராவது ஏற்கெனவே போட்டுப் பார்த்திருக்கலாம், அப்படியானால் விட்டுவிடுவதுதான் மரியாதை. காரணமே இல்லாமல் சொல்கிறார்கள் என்றால் மின்னஞ்சலில் எழுதிப் போடுங்கள். நின்றால் ஜெயித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1986-இல் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, இந்தக் குளிரில் ராக்கெட் இணைப்பின் ரப்பர் வளையங்கள் தாங்காது, ஏவ வேண்டாம் என்று அதைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் நிர்வாகம் முதலில் கேட்டது, அப்புறம் மாறிவிட்டது. ஏழு பேர் உயிர் போனது.

மழைக்காகம்:
கேட்டேன். ஒருவர் மட்டும் ஒரு பகுதியை எப்போதோ மீட்டுப் பார்த்திருக்கிறார், மற்றவர்கள் அவரை நம்பித் தலையாட்டியிருக்கிறார்கள்! அவரே இப்போது என் பக்கம். பழைய சர்வரை இரண்டு வாரம் வைத்திருக்க மேலாளர் சம்மதித்துவிட்டார், அதற்குள் முழுசாக மீட்டுப் பார்க்கணும்.

அரைத்தூக்கம்:
சரி. மீட்டதும் எண்ணிக்கை ஒத்துப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள், சில வாடிக்கையாளர் பதிவுகளைத் திறந்தும் பாருங்கள்.